அமெரிக்காவில் படிக்கும் எஃப்-1 மாணவர்கள் இன்டர்ன்ஷிப் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2023–24 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பதிவாகியிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 2008–09-க்குப் பிறகு சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பிடித்த ஆண்டு அது. அவர்களில் பெரும்பாலோர் முதுநிலைப் படிப்புக்குச் சென்றவர்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக்கடன் வாங்கிச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. இரண்டாண்டு முதுநிலைப் படிப்பின் நடுவே வருவது ஒரே ஒரு கோடை விடுமுறை. அந்த மூன்று மாதத்தில் ஒரு நிறுவனத்தில் காலூன்றியவருக்குப் பட்டம் முடிந்தபின் வேலை தேடுவது பெருமளவு எளிதாகிறது. காலூன்றாதவர் அமெரிக்கப் பணி அனுபவம் ஏதுமின்றி, வேலையில்லாமல் இருக்க அனுமதிக்கப்பட்ட நாட்கள் கரைந்துகொண்டிருக்கும்போது தேடத் தொடங்குகிறார்.

இந்த வாய்ப்பை இழந்த மாணவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களில் பலர் நல்ல மதிப்பெண்ணும் நல்ல திறமையும் உள்ளவர்கள் என்பது தெரியும். எப்போது வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது, நிறுவனங்கள் எந்த மாதத்தில் ஆள் எடுக்கின்றன, வெளிநாட்டு மாணவரை எடுக்க நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று செய்திகளும் அவர்களுக்குத் தாமதமாகவே தெரியவந்திருக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை மிக எளியது: இன்டர்ன்ஷிப்பைப் பொறுத்தவரை, நிறுவனம் அரசுக்கு ஒரு டாலரும் கட்ட வேண்டியதில்லை, குடியேற்றத் துறைக்கு எந்த மனுவும் அனுப்ப வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்களில் பலருக்கு இது தெரியாது. அதை அவர்களுக்குத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு மாணவருடையது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. எஃப்-1 என்ற மாணவர் விசாவின் விதிகள் நாடு முழுவதற்கும் பொது என்றாலும், அவற்றின்மேல் ஒவ்வொரு கல்லூரியும் தன் விதிகளைச் சேர்க்கும். ஆகவே இங்குள்ள எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் உள்ள டி.எஸ்.ஓ. எனப்படும் பொறுப்பு அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: அனுமதிக் கணக்கை முதலில் போடுங்கள்

படிக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் அனுமதி சி.பி.டி. எனப்படுகிறது. பாடத்திட்டத்தோடு இணைந்த நடைமுறைப் பயிற்சி என்பது இதன் பொருள். அதாவது, வேலை உங்கள் படிப்போடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும், துறை அதை ஏற்க வேண்டும். பல கல்லூரிகளில் இதற்கென ஒன்று முதல் மூன்று கிரெடிட் வரையுள்ள ஒரு பாடத்தில் பதிவு செய்யச் சொல்வார்கள். அதற்குக் கட்டணமும் உண்டு. அனுமதியைக் கொடுப்பது டி.எஸ்.ஓ.தான், குடியேற்றத் துறை அல்ல. அனுமதி கிடைத்ததும், உங்கள் எஃப்-1 தகுதிக்குக் கல்லூரி தரும் சான்றான ஐ-20 புதிதாக வரும். அதன் இரண்டாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், முழுநேரமா பகுதிநேரமா என்பவை அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தில் உள்ள நிறுவனத்தில், அந்தத் தேதிகளுக்குள் மட்டுமே நீங்கள் வேலை செய்யலாம். தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பு வேலைக்குச் சென்றாலும் அது அனுமதியற்ற வேலை. அதன் விளைவு எஃப்-1 தகுதியையே பறிக்கக்கூடியது. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு அனுமதி தேவையில்லை என்று நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலையாகவே கருதப்படலாம்.

சி.பி.டி. பெற, முழுநேர மாணவராக ஒரு முழுக் கல்வியாண்டை முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகஸ்டில் சேர்ந்தவர் இரண்டு பருவங்களை முடித்து மே மாதத்தில் தகுதி பெறுகிறார். அவருக்கு முதல் கோடையே கிடைத்துவிடும். ஜனவரியில் சேர்பவரின் நிலை வேறு. அவர் மே மாதத்தில் ஒரு பருவம் மட்டுமே முடித்திருப்பார் என்பதால் அந்தக் கோடை அவருக்கு இல்லை. அடுத்த ஆண்டுக் கோடை கிடைக்க வேண்டுமானால், அதற்குப் பிறகும் அவருக்கு ஒரு பருவமாவது படிப்பு மிச்சம் இருக்க வேண்டும். ஜனவரியில் சேர்ந்து, செலவைக் குறைக்கும் எண்ணத்தில் பதினாறு மாதத்தில் பட்டத்தை முடிக்கத் திட்டமிடுபவர், தன்னையறியாமலே இன்டர்ன்ஷிப் கோடையை இழந்துவிடுகிறார். ஓராண்டு முதுநிலைப் படிப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே, சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டு போட வேண்டிய கணக்கு இது. சேர்க்கை ஆலோசனை மையங்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வது அரிது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முழுநேர சி.பி.டி.யின் மொத்தம் பன்னிரண்டு மாதத்தை எட்டினால், அதே நிலைப் பட்டத்தை முடித்தபின் வேலை செய்வதற்கான ஓ.பி.டி. என்ற அடுத்த அனுமதி முழுவதும் பறிபோகும். வாரம் 20 மணி நேரத்துக்கு உட்பட்ட பகுதிநேர சி.பி.டி. இந்தக் கணக்கில் சேராது. பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன், ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ட்ரெக்ஸல் போன்ற பல்கலைக்கழகங்களில் ஆறு மாத ‘கோ-ஆப்’ பணி படிப்போடு பிணைந்தே இருக்கிறது. அங்கு படிப்பவர்கள் கோ-ஆப்புடன் கோடைப் பணியையும் சேர்க்கும்போது நாட்களை எண்ணி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழுநேர சி.பி.டி. தருவதாக விளம்பரம் செய்யும் கல்வி நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல். முதுநிலைப் படிப்பில் எல்லா மாணவரும் உடனடியாகப் பயிற்சியில் ஈடுபட வேண்டும் என்று பாடத்திட்டமே கட்டாயப்படுத்தினால், ஓராண்டுக் காத்திருப்பிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மைதான். அந்த விலக்கையே வணிகமாக்கியவர்களால் மாணவர்கள் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் 2011-இல் மூடப்பட்டபோது இந்திய மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மிச்சிகனில் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் இயங்கியது அமெரிக்க அதிகாரிகளே விரித்த வலை. அது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதில் பதிந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். வகுப்பே நடக்காத கல்லூரி வேலைக்கு மட்டும் அனுமதி தருகிறது என்றால், அங்கிருந்து விலகி நிற்பதே நல்லது.

படி 2: நிறுவனம் எதற்குத் தயங்குகிறது என்பதை அறிந்து பேசுங்கள்

ரெக்ரூட்டரின் மனத்தில் இருப்பது இன்டர்ன்ஷிப் அனுமதி பற்றிய கவலை அன்று, அதற்குப் பின் வரக்கூடிய எச்-1பி என்ற பணி விசா பற்றிய கவலை. ஆண்டுக்கு 65,000 விசாக்கள், அமெரிக்க முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 என்ற வரம்பு. மார்ச் மாதப் பதிவில் தேர்வாவார்களா என்ற நிச்சயமின்மை. போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வெளியான அதிபர் பிரகடனம். இவற்றையெல்லாம் செய்தித் தலைப்பாக மட்டும் படித்த ஒரு மேலாளர், வெளிநாட்டு மாணவர் என்றாலே தலைவலி என்று முடிவு கட்டிவிடுகிறார்.

விண்ணப்பப் படிவங்களில் இரண்டு கேள்விகள் வரும். அமெரிக்காவில் வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி அனுமதி உண்டா என்பது முதலாவது. இப்போதோ பின்னரோ நிறுவனத்தின் விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா என்பது இரண்டாவது. கோடையில் சி.பி.டி.க்குத் தகுதி பெறும் மாணவர்கள் முதல் கேள்விக்குப் பொதுவாக ‘ஆம்’ என்று பதிலளிக்கிறார்கள். கேள்வியின் சரியான சொற்களைக் காட்டி டி.எஸ்.ஓ.விடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது கேள்வி ‘பின்னரோ’ என்று கேட்டால், உண்மையான விடை ‘ஆம்’தான். அங்கே ‘இல்லை’ என்று எழுதித் தப்பிப்பவர்கள், ஆஃபர் வந்த பிறகு உண்மை தெரியவரும்போது நம்பிக்கையை இழக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் கதவும் நிரந்தரமாக மூடக்கூடும். கேள்வி இந்தக் கோடையைப் பற்றி மட்டும் இருந்தால் ‘இல்லை’ என்பது சரியே.

நேரில் பேசக் கிடைக்கும் இடங்களில் இந்தப் பொருள்பட இரண்டு வாக்கியங்களைத் தயாராக வைத்திருங்கள்: “இந்தக் கோடை இன்டர்ன்ஷிப்புக்கான அனுமதியை என் பல்கலைக்கழகமே தருகிறது, உங்கள் நிறுவனம் தர வேண்டியது ஆஃபர் கடிதம் மட்டும்தான், கட்டணமோ மனுவோ இல்லை. பட்டம் முடிந்த பிறகும் என் துறைக்கு மூன்று ஆண்டுகள் வரை பணி அனுமதி கிடைக்கும் என்பதால், விசா பற்றி முடிவெடுக்கப் போதிய காலம் இருக்கும்.” இந்த மூன்றாண்டு என்பது பன்னிரண்டு மாத ஓ.பி.டி.யும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறையினருக்கு மட்டும் கிடைக்கும் இருபத்துநான்கு மாத ஸ்டெம் நீட்டிப்பும் சேர்ந்தது. நீட்டிப்புக்கு நிறுவனம், பணியாளரின் வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் இ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதையும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஐ-20-இல் உள்ள படிப்புக் குறியீடு ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள மேலாண்மைப் படிப்பு ஒரு கல்லூரியில் பட்டியலுக்குள்ளும் இன்னொன்றில் வெளியேயும் இருக்கும்.

ஸ்பான்சர் செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவிக்கும் நிறுவனத்தோடு வாதாடுவதில் பயனில்லை. அப்படி மறுப்பது பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டதே. அந்த நேரத்தை அடுத்த விண்ணப்பத்துக்குக் கொடுங்கள்.

படி 3: தேடும் களத்தைச் சுருக்குங்கள்

சில கதவுகள் நமக்குத் திறக்கவே திறக்காது. பாதுகாப்பு, ராக்கெட், ஏவுகணை சார்ந்த தொழில்நுட்பங்களை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் ஆள்வதால், லாக்ஹீட் மார்ட்டின், ஸ்பேஸ்எக்ஸ் போன்ற நிறுவனங்களின் பணிகள் பெரும்பாலும் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றோர் போன்றவர்களுக்கே உரியவை. மத்திய அரசுத் துறைகளின் பெரும்பாலான இன்டர்ன்ஷிப்புகளும் அப்படியே. விளம்பரத்தில் ‘யு.எஸ். பெர்சன்’ என்றோ பாதுகாப்பு அனுமதி தேவை என்றோ எழுதியிருந்தால் கடந்து செல்லுங்கள். ஏரோநாட்டிகல் படிக்கும் மாணவர்களுக்கு இது மிகுந்த வருத்தம் தரும் செய்தி என்பதை அறிவேன். அவர்கள் வாகனம், காற்றாலை, குளிர்சாதனம் போன்ற துறைகளில் அதே திரவ இயக்கவியலையும் கட்டமைப்புப் பகுப்பாய்வையும் பயன்படுத்தும் பணிகளைத் தேடலாம்.

எந்தக் கதவு திறக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குடியேற்றத் துறை தன் தளத்தில் எச்-1பி நிறுவனத் தரவகம் ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர், ஊர், மாநிலம், ஆண்டு என்று தேடி, எத்தனை மனுக்கள் ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்பதைப் பார்க்கலாம். மாநிலத்தையும் தொழில்துறையையும் கொண்டு வடிகட்டி, பட்டியலின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். மேலே இருக்கும் கூகுள், அமேசான் போன்றவற்றுக்கு எல்லோரும் விண்ணப்பிப்பார்கள். நடுவில் இருக்கும் காப்பீட்டு நிறுவனம், மருத்துவக் கருவி நிறுவனம், பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஆகியவற்றை மாணவர்கள் அதிகம் அறிவதில்லை. பெருநகர ஆசையும் ஒரு தடைதான். டீசல் எஞ்சின் செய்யும் கம்மின்ஸின் தலைமையகம் இந்தியானாவின் கொலம்பஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. டிராக்டர் செய்யும் ஜான் டியரின் தலைமையகம் இலினாயின் மொலீனில் இருக்கிறது. நியூயார்க்கையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் மட்டும் தேடுபவரின் கண்ணில் இத்தகைய ஊர்கள் படுவதேயில்லை.

வளாகத்துக்குள்ளேயே உள்ள வாய்ப்பையும் மறக்காதீர்கள். எஃப்-1 மாணவர் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரமும், விடுமுறையில் முழுநேரமும் தன் கல்லூரி வளாகத்தில் வேலை செய்யலாம், இதற்கு சி.பி.டி.யும் வேண்டாம், ஓராண்டுக் காத்திருப்பும் வேண்டாம். ஜனவரியில் சேர்ந்து முதல் கோடையை இழந்தவருக்கு, பேராசிரியரின் ஆய்வகத்தில் கிடைக்கும் மூன்று மாத வேலை ரெஸ்யூமேயில் அமெரிக்க அனுபவமாக நிற்கும்; அடுத்த ஆண்டு பரிந்துரைக்க ஒரு மனிதரும் கிடைப்பார்.

படி 4: மாதக் கணக்கு

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் அடுத்த கோடைக்கான விண்ணப்பங்களை ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள், சில இன்னும் முன்பாகவே, திறந்துவிடுகின்றன. நீங்கள் விமானத்திலிருந்து இறங்கி, வீடு பார்த்து, வங்கிக் கணக்கு தொடங்கி, மளிகைக் கடை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் வாரங்கள் அவை. அதனால் ரெஸ்யூமேயைப் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கல்லூரி வேலைவாய்ப்புக் கண்காட்சி பெரும்பாலும் செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் நடக்கும். நடுத்தர, சிறிய நிறுவனங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆள் எடுக்கும். டிசம்பருக்குள் ஒன்றும் கிடைக்கவில்லை என்று மனம் தளர்ந்து நிறுத்திவிடுபவர்கள், போட்டி குறைவான இந்த இரண்டாம் அலையைத் தவறவிடுகிறார்கள்.

படி 5: ரெஸ்யூமேயும் உங்கள் பெயரும்

ஒரு பக்கம் போதும். புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், இறுதியில் இடமும் தேதியும் இட்டுக் கையெழுத்திடும் உறுதிமொழி ஆகிய எதுவும் வேண்டாம். மதிப்பெண்ணை அமெரிக்க அளவுக்கு நீங்களாக மாற்றாமல் 8.4/10 என்றே எழுதுங்கள். விசா நிலையை ரெஸ்யூமேயில் எழுதத் தேவையில்லை.

சென்னையில் ஓ.எம்.ஆர். சாலை நிறுவனங்களில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்த அனுபவத்தைக் குறைத்தே எழுதுகிறார்கள். “வங்கி வாடிக்கையாளருக்கான திட்டத்தில் ஜாவாவில் பணியாற்றினேன்” என்ற வரியைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. “இரவில் ஐந்து மணி நேரம் ஓடிய பரிவர்த்தனைச் சரிபார்ப்பை, தரவுத்தள வினவல்களை மாற்றி எழுதி, ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தேன்” என்று எழுதினால், என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற மூன்றும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. எண்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, தலைப்பெழுத்துத்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று, அச்சாகும். பிறகு கல்லூரிப் பதிவு, மின்னஞ்சல், வேலைவாய்ப்புத் தளம் எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்தே உங்கள் பெயராகிவிடும். ரெக்ரூட்டரின் கடிதமும் ‘அன்புள்ள எஃப்.என்.யு.’ என்றே தொடங்கும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட கார்த்திகேயன் முத்துசாமியைச் சில இடங்களில் ‘முத்துசாமி’ என்று அழைப்பார்கள். அது சிறு சங்கடம். எஃப்.என்.யு. அப்படியல்ல, பின்னணிச் சரிபார்ப்பின்போது, அண்ணா பல்கலைக்கழகச் சான்றிதழில் ஒரு பெயரும் ஐ-20-இல் இன்னொரு பெயரும் இருந்து தாமதத்தை உண்டாக்கும். சரியான தீர்வு, ஐ-20-க்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பி மறுவெளியீடு பெறுவது. அந்த நிலையைத் தாண்டி வந்துவிட்டவர்கள், ரெஸ்யூமேயிலும் லிங்க்டுஇன்னிலும் வழங்கும் பெயரை எழுதலாம். ஆஃபர் கடிதம், பணித் தகுதிப் படிவம், சமூகப் பாதுகாப்பு எண் விண்ணப்பம் ஆகியவற்றில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். பெயர் வேறுபாட்டை ரெக்ரூட்டரிடம் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

படி 6: மனிதர்களை அணுகுங்கள்

இணையத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது சோர்வையே தரும். உங்கள் கல்லூரியில் முன்பு படித்தவர்கள், உங்கள் பொறியியல் கல்லூரியின் மூத்தவர்கள், முன்னாள் சக ஊழியர்கள் ஆகியோரை லிங்க்டுஇன்னில் தேடி எழுதுங்கள். முன்பின் அறியாதவரிடம் உதவி கேட்பது நம் வளர்ப்பில் கூச்சத்தைத் தரும் செயல். அமெரிக்கப் பணிச்சூழலில் அது இயல்பான வழக்கம். கேட்கும் முறைதான் முக்கியம். முதல் கடிதத்திலேயே ‘எனக்கு ரெஃபரல் தாருங்கள், ரெஸ்யூமே இணைத்துள்ளேன்’ என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம் அண்ணா, நான் கோவையில் உங்கள் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவன், இப்போது பர்டியூவில் முதுநிலை முதலாண்டு. நீங்கள் வெப்பப் பரிமாற்றி வடிவமைப்புக் குழுவில் இருப்பதைப் பார்த்தேன். என் ஆய்வுத் திட்டமும் அதுதான். உங்கள் குழுவில் இன்டர்ன்களுக்கு எத்தகைய வேலை தருகிறார்கள் என்று அறிய பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?” தமிழ் தெரிந்தவருக்குத் தமிழிலும், மற்றவருக்கு ஆங்கிலத்தில் முதற்பெயர் சொல்லியும் இதே அளவில் எழுதலாம். பேசி முடித்த பிறகு, பொருத்தமான பணி அறிவிக்கப்பட்டால், பெரும்பாலும் அவர்களே ரெஃபரல் தர முன்வருவார்கள். பேசிய அன்றே நன்றி தெரிவித்து ஒரு வரி அனுப்புங்கள்.

இந்தத் தேடலில் குறுக்கே வருபவர்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் தருவதாகச் சொல்லும் நிறுவனம், இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேயில் சேர்த்து விற்கும் கன்சல்டன்சி, நேர்காணலே இல்லாமல் ஆஃபரும் காசோலையும் அனுப்பிக் கருவிகள் வாங்கச் சொல்பவர் ஆகிய மூவரும் உங்கள் பணத்தோடு உங்கள் விசாவையும் ஆபத்தில் தள்ளுவார்கள். இல்லாத நிறுவனத்தில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியதற்காக 2020-இல் ஓ.பி.டி. மாணவர்கள் கைது செய்யப்பட்டிருக்கிறார்கள்.

படி 7: நேர்காணல்

தொழில்நுட்பப் பயிற்சிக்கு வழிகாட்டிகள் ஏராளம் இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். நம் மாணவர்கள் தடுமாறுவது அனுபவக் கேள்விகளில். “குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால், ‘நாங்கள் பேசித் தீர்த்தோம்’ என்று அடக்கத்தோடு முடித்துவிடுகிறார்கள். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் செய்தது. சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் எடுத்த நடவடிக்கை, விளைவு என்ற வரிசையில் ஐந்தாறு நிகழ்வுகளை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அரியர் வைத்தது பற்றியோ படிப்பு இடைவெளி பற்றியோ கேட்டால் உள்ளதைச் சொல்லி, அதிலிருந்து நீங்கள் மீண்டெழுந்ததைச் சொல்லுங்கள்.

படி 8: ஆஃபர் முதல் முதல் நாள் வரை

ஆஃபர் கடிதத்தில் பதவி, பணியின் விவரம், வார மணி நேரம், தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை செய்யும் இடத்தின் முகவரி ஆகியவை இருக்கட்டும். இவற்றில் ஒன்று விடுபட்டால் சி.பி.டி. விண்ணப்பம் திரும்பி வரும். முதலில் துறை ஆலோசகரின் ஒப்புதல், பிறகு பாடப் பதிவு, பிறகு டி.எஸ்.ஓ. என்ற வரிசையில் செல்லுங்கள். மே மாதத்தில் அலுவலகங்களில் கூட்டம் மிகுதி என்பதால் ஆஃபர் வந்த வாரமே தொடங்கிவிட வேண்டும். தொடங்கும் நாள் தள்ளிப்போனாலோ, இடம் மாறினாலோ, ஐ-20-ஐத் திருத்தாமல் வேலையைத் தொடராதீர்கள்.

சி.பி.டி. அச்சான ஐ-20, பாஸ்போர்ட், அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முதல் நாளன்று ஐ-9 என்ற பணித் தகுதிப் படிவத்தின் உங்கள் பகுதியை நிரப்ப வேண்டும்; மூன்று வேலை நாட்களுக்குள் நிறுவனம் மேற்சொன்ன மூன்று ஆவணங்களையும் நேரில் சரிபார்க்கும். சிறிய நிறுவனத்தின் மனிதவள அலுவலர் எஃப்-1 ஐ-20-ஐ முன்பு பார்த்தே இருக்க மாட்டார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, சி.பி.டி. வரியை நீங்களே பணிவோடு காட்டுங்கள்.

படி 9: சம்பளச் சீட்டு, வரி, அடுத்த கோரிக்கை

முதல் சம்பளச் சீட்டைக் கவனமாகப் படியுங்கள். அமெரிக்காவுக்கு முதன்முறை வந்த எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரி நோக்கில் வெளிநாட்டவராகவே கருதப்படுகிறார்கள். அனுமதி பெற்ற வேலைக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கான பிடித்தங்கள் அவர்களுக்கு இல்லை. சீட்டில் 6.2%, 1.45% என்று இரண்டும் பிடிக்கப்பட்டிருந்தால் உடனே சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். மணிக்கு 30 டாலர் வீதம் வாரம் 40 மணி நேரம், 12 வாரம் வேலை செய்தால் வருமானம் 14,400 டாலர். தவறாகப் பிடிக்கப்படும் தொகை 1,101 டாலரைத் தாண்டும். நிறுவனம் திருப்பித் தர மறுத்தால், படிவம் 843, படிவம் 8316 மூலம் வருமான வரித் துறையிடம் கேட்கலாம். மத்திய, மாநில வருமான வரி வழக்கம்போல் உண்டு. அடுத்த ஆண்டு ஏப்ரல் 15-க்குள், வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்.ஆர்.-ஓடு படிவம் 8843-ஐயும் அனுப்ப வேண்டும். உள்நாட்டவருக்கான வரி மென்பொருளில் அவசரத்தில் தாக்கல் செய்துவிடாதீர்கள். இந்தியக் குடிமக்களான மாணவர்களுக்கு, இந்திய–அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவின்படி நிலையான கழிவு கிடைக்கும். பிற நாட்டு மாணவர்கள் தங்கள் நாட்டு உடன்படிக்கையைப் பார்க்க வேண்டும்.

பணி முடிய மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே மேலாளரிடம் நேரம் கேட்டு, பட்டத்துக்குப் பிறகு இதே குழுவில் சேர விரும்புவதை நேரடியாகச் சொல்லுங்கள். அவர்களின் அடுத்த ஆண்டு ஆள் கணக்கு முடிவாகும் காலம் அது. கடைசி நாள் விருந்தில் சொல்வதால் பயன் குறைவு. இடம் காலியில்லை என்றால், கல்லூரி திரும்பியபின் அதே வேலையைப் பகுதிநேர சி.பி.டி.யில் தொடர முடியுமா என்று கேட்கலாம். முழுநேர ஆஃபர் வந்தால், அதில் கையெழுத்திடும் முன் இ-வெரிஃபை பதிவை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓ.பி.டி.க்குப் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாட்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்தபின் 60 நாட்களோடு அந்த வாய்ப்பு மூடுகிறது. ஓ.பி.டி. தொடங்கிய நாளிலிருந்து வேலையில்லாமல் இருக்கக்கூடியது மொத்தம் 90 நாட்கள்தான் என்பதால், வேலையில் சேரும் தேதியை வைத்தே தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.